முன் இருக்கை

எங்கள் கடற்கரைப் பக்கம் கார் வாங்கப் போகிறவர்கள் அலைச்சறுக்குப் பலகையையும் கூடவே எடுத்துப் போவார்கள். என் கணவன் ரஸலும் எங்கள் பழைய காரின் கூரையில் தன் நீளப் பலகையைக் கட்டிக்கொண்டுதான் அல்லடுல்லா என்ற ஊரில் இருந்த அந்தக் கார் விற்பனை மைதானத்துக்கு வந்தான். நான்தான் ஓட்டினேன். பின்னால் மகள் டெஸ், மடியில் ஈரத் துண்டோடு.

நாங்கள் பார்க்க வந்த கார் பெட்டி போல இருந்தது. உயரக் கூரை, நிமிர்ந்த முதுகு.

"ஃபிரிட்ஜுக்குச் சக்கரம் வெச்ச மாதிரி இருக்கு," என்றேன்.

"அழகு பாக்க வரல. அதுக்குத்தான் கண்ணாடி இருக்கே உனக்கு," என்றான் ரஸல்.

விற்பனையாளர் நெவில் சிரிக்காமல் கதவைத் திறந்தார். உள்ளே நாலே இருக்கை, ரப்பர் தரை. மணலோடு ஏறலாம், குழாயைப் பிடித்துக் கழுவலாம். சைக்கிள் நிற்கும், நாய் படுக்கும். எனக்குப் பிடித்துத்தான் போனது. அவனிடம் சொல்லவில்லை.

ரஸல் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையைத் தட்டையாகச் சாய்த்தான். அதன் பின்னால் இருந்ததையும் மடித்தான். பலகையைப் பின்பக்கமாக உள்ளே தள்ளினான். அதன் மூக்கு முன்கண்ணாடி வரை போய் நின்றது. பின்கதவு மூடியது. கூரையை உள்ளங்கையால் தட்டினான். டெஸ் பிறந்த அன்று அவன் முகம் இப்படி மலர்ந்திருந்ததா என்று யோசித்தேன்.

"நான் எங்க உக்காருறது?"

"பின்னாடி டெஸ்ஸுக்கு எடம் இருக்கு."

"நான் எங்கன்னு கேட்டேன்."

"நீ உன் வண்டில வா."

"அதக் குடுத்துட்டுத்தானே இத வாங்குற?"

இடத்தையெல்லாம் அளந்தவன், அதில் என்னைச் சேர்க்க மறந்திருந்தான். மறதி என்றால் மன்னித்திருப்பேன். அடுத்து அவன் சொன்னதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

"வராட்டி என்ன? வந்து என்ன பண்ற? குடைக்குக் கீழ புத்தகம் படிக்கிற. அத வீட்லயே படி."

நெவில் இருமினார். "மேல கம்பி மாட்டித் தர்றேன் தலைவா. பலகை கூரைல போகட்டும். மேடம் முன்னாடி உக்காரட்டும்."

"இனிமே என் பலகை வெயில்ல காயாது," என்றான் ரஸல்.

நான் காயலாம் போலிருக்கிறது. எத்தனை கோடைகள் அந்தக் குடையின் கீழே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அலைக்குள் அவன் தலை எங்கே என்று தேடியிருக்கிறேன். ஒரு பக்கம்கூட ஒழுங்காகப் படித்ததில்லை. அதை இப்போது சொன்னால் கெஞ்சுவது போலாகும்.

"பழைய வண்டி என் பேர்ல இருக்கு நெவில். அதக் குடுக்கல," என்றேன்.

"மெர்னா, ஆளுங்க முன்னாடி ஆரம்பிக்காத."

நான் பழைய காரை நோக்கி நடந்தேன். டெஸ் ஓடி வந்து பின்னால் ஏறிக்கொண்டாள். எஞ்சினைக் கிளப்பி, அவன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, ஜன்னலை இறக்கினேன்.

"ஏறு. முன்னாடி எடம் காலியா இருக்கு."

"பலகை?"

"ஆளுக்கு மட்டுந்தான்."

பெட்டிக் காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையைப் பலகையின் வால்மேல் வைத்தபடி நின்றான். கையை எடுக்கவில்லை.

ஜன்னலை ஏற்றினேன்.

"அப்பா எதுல வருவாரு?" என்றாள் டெஸ்.

"அந்தப் பெட்டி வண்டில எடம் இருக்கு," என்று சொல்லி, வண்டியைச் சாலைக்குத் திருப்பினேன்.