மூடிகளுக்குக் காவல்

முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவருக்குக் காது மந்தம் என்பது அவரைத் தவிரத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். காது மிஷின் வாங்கி நாளாகிவிட்டது. அது பீரோவில் சட்டைகளுக்கு அடியில் சுகமாகத் தூங்கியது. "எல்லாரும் முணுமுணுன்னு பேசினா நான் என்ன பண்றது" என்பார். கோளாறு ஊரில்தான், அவர் காதில் இல்லை.

மாசமாக இருக்கும் மகள், காரமான வெள்ளரி ஊறுகாய் வேண்டுமென்று போனில் கேட்டுவிட்டாள். மறுநாள் அவள் ஊர்ப் பக்கம் போகும் மைத்துனரிடம் கொடுத்தனுப்பலாம் என்று முடிவாகி, காலையிலிருந்தே சமையலறை அமர்க்களப்பட்டது. மனைவி வெள்ளரிப் பிஞ்சுகளின் பூ முனையைக் கிள்ளி எறிந்தாள். அது இருந்தால் காய் கொழகொழத்துவிடும். பாட்டிலுக்குள் பூண்டு, கடுகு, வாசனைக்குச் சதகுப்பைத் தழை எல்லாம் போயின. காய்ந்த மிளகாயை இடிப்பது டிரைவர் வேலை. பாதி நேரம் இடித்தார், பாதி நேரம் தும்மினார்.

வினிகரும் உப்புநீரும் கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடி, பாட்டில்களைப் பெரிய பாத்திரத்து வெந்நீரில் முக்கிக் கொதிக்கவிட்டு எடுத்து, மேஜையில் விரித்த துணிமேல் வரிசையாக வைத்தாள் மனைவி.

"ஆறும்போது ஒவ்வொரு மூடியும் நடுவுல டொக்குனு உள்ள இழுத்துக்கும். அப்பதான் காத்துப் புகாம மூடியிருக்குன்னு அர்த்தம். நான் கடைக்குப் போயிட்டு வர்றேன், கேட்டுட்டே இருங்க. கையை மட்டும் வெக்காதீங்க."

அவள் சொன்னது பக்கத்து வீட்டுக்கே கேட்டது. அதனால் அவருக்கும் கேட்டது.

உட்கார்ந்தார். ஒரு சத்தமும் இல்லை. ஒன்று, பாட்டில்கள் கெட்டுவிட்டன, இல்லையென்றால் காது. இரண்டாவது எண்ணத்தை வாசலோடு திருப்பி அனுப்பினார். ஆனால் 'கேட்கவில்லை' என்று எப்படிச் சொல்வது? இத்தனை நாள் கட்டிக் காத்த மானம் என்னாவது? கட்டைவிரலை எடுத்தார். அமுக்கிய மூடிகளெல்லாம் சொன்ன பேச்சுக் கேட்டு உள்ளே போயின.

மனைவி திரும்பி வந்தாள். "எல்லாம் சத்தம் போட்டுச்சா?"

"ஒண்ணு விடாம. காது கிழிஞ்சுபோச்சு."

அவள் குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு மூடியின் நடுவிலும் மிளகாய்த் தூளில் ஒரு கட்டைவிரல் ரேகை, அழகாகச் சிவப்பாக.

"சத்தம் போட்டுச்சு சரி. கைநாட்டும் வெச்சுச்சா?"

டிரைவர் கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"யார் காதுல பூ சுத்தறீங்க? சூட்டுல அமுக்கினா எல்லா மூடியும்தான் உள்ள போகும். இதுல எது நெசமா மூடியிருக்கு, எது நீங்க அமுக்கினதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? காத்துப் புகுந்து கெட்டுப்போனதையா புள்ளத்தாச்சிப் பொண்ணுக்கு அனுப்புறது?"

அதுவரை வழிந்த அசடு முகத்திலிருந்து போய்விட்டது. மகளை நினைத்தபோது நெஞ்சு நிஜமாகவே பதறியது. எழுந்து போய் பீரோவைத் திறந்தார்.

புது மூடி போட்டு மறுபடி எல்லாவற்றையும் கொதிக்க வைத்தார்கள். மொறுமொறுப்புக் கொஞ்சம் குறையும், பரவாயில்லை என்றாள். காதில் மிஷினோடு டிரைவர் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரம் இவ்வளவு சத்தம் போடும் என்று அவருக்கு மறந்தே போயிருந்தது.

டொக்.

"கேட்டுச்சு" என்றார்.

மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வழக்கம்போல் தனக்குத்தானே முணுமுணுத்தாள். "வாய்தான் வண்டி நீளம். மனசு பச்சப் புள்ள மனசு. இந்த மனுஷன் இல்லாட்டி எனக்கு எப்படிப் பொழுது போகும்."

இத்தனை நாளும் அவள் திட்டுகிறாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"என்ன சொன்னே?"

அவள் கை நின்றது. "இதெல்லாமா கேக்குது?"

டிரைவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரியா கேக்கலை. இன்னொரு தடவை சொல்லு."