யூதாசின் நாற்காலி

வேதபுத்தகத்தின் மேல் கைவைத்துச் சொல்வதாவது: இதில் ஒரு எழுத்துகூடக் கூட்டியதில்லை. குறைத்தது உண்டு, அதுவும் கேட்பவர்கள் பயந்துவிடக் கூடாதே என்றுதான்.

தம்பானூரில் பரோட்டா போடும் சூசைநாயகத்துக்குப் பெரிய வியாழனன்று காலையிலிருந்தே வேலை ஓடவில்லை. பரோட்டா வட்டமாக வராமல் கேரள வரைபடம் போல நீண்டு வந்தது. முந்தின நாள் பிஜு கடைக்கு வந்து சொன்ன செய்திதான் காரணம். கோயிலைக் கூட்டி மணியடிக்கிற கப்யார் அவன். எந்தச் செய்தியையும் சாவுச்செய்தி மாதிரிச் சொல்லத்தான் அவனுக்கு வரும்.

"அண்ணாச்சி, இந்தத் தடவை பங்கு அச்சன் கால் கழுவுற பன்னிரண்டு பேர்ல நீங்களும் உண்டு கேட்டோ. நேரத்தே வந்துருங்க. பிந்தினா கடைசி நாற்காலிதான்."

ஆண்டவர் தம் பன்னிரண்டு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்துப் பாதிரியார் செய்கிற சடங்கு அது; கடைசி நாற்காலி, அவரைக் காட்டிக்கொடுத்த யூதாசுடையது. அதில் உட்கார்ந்தவர்கள் கதி ஊருக்கே தெரியும். ஒருவரின் வீட்டுக் கூரை ஓடுகள் காற்றில் கிளம்பிப்போய், போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் அதே வரிசையில் அடுக்கடுக்காக இறங்கின. இன்னொருவரை அவர் வளர்த்த நாயே அடையாளம் தெரியாமல் கடித்தது. பிறகு மனைவிக்கும் அடையாளம் தெரியவில்லை.

முடியாது என்று சொல்லவும் வழியில்லை. போன மழைக்காலத்தில் மனைவி சொர்ணம்மாள் எலிக்காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கோயில்காரர்கள் மத்தியானம் தவறாமல் வாழையிலையில் சோறு பொதிந்து கொண்டுவந்தார்கள். அவள் பிழைத்தால் கோயில் கேட்பது எதையும் மறுக்க மாட்டேன் என்று பீடத்தின் முன் வாக்குக் கொடுத்தான். பிழைத்தாள். அன்றுமுதல் ஞாயிறுதோறும் அதே வார்டுக்கு அவன் சோறு கொண்டுபோகிறான். பதிலுக்கு யாராவது ஒரு வாய் காப்பி நீட்டினாலும் தொட மாட்டான். இப்போது வாக்கை மீறினால் அவளுக்குக் காய்ச்சல் திரும்பும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் சாபம் அவள்மேல் இறங்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சொர்ணம்மாள்தான் நின்றாள்.

அவள் பயப்படுகிற ஜாதி இல்லை. "காலை நல்லாத் தேச்சுட்டுப் போங்க. மைதா வழிஞ்சா அச்சன் பரோட்டா போட்டுருவாரு," என்றாள்.

வெயில் தாழுமுன்பே போய், வாசலோரத்து முதல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். பூசை நடுவில் அச்சன் செம்பும் தாம்பாளமுமாக இறங்கினார். எல்லா வருஷமும் வாசல் பக்கமிருந்து தொடங்குகிறவர், அன்று மூட்டுவலி காரணமாகப் பீடத்தை ஒட்டிய முனையிலிருந்து தொடங்கினார்.

முதல் நாற்காலி கடைசி நாற்காலியாகிவிட்டது.

ஓடலாமென்றால் கால்கள் யாருடையவையோ போல மரத்திருந்தன. ஒவ்வொருவராகக் கழுவிக் கழுவி அச்சன் நெருங்கினார். இவன் நடுங்கிய நடுக்கத்தில் நாற்காலி தானே பின்னுக்கு நகர்ந்து வாசலைத் தாண்டியது. பிஜு அதை ஆளோடு இழுத்துவந்து வரிசையில் சேர்த்தான். பாதம் பட்டதும் தாம்பாளத்துத் தண்ணீரில் சங்குமுகம் கடற்கரையின் அலை எழுந்து, பீடத்து மெழுகுவர்த்திகளை அணைத்தது.

"அச்சா, இது யூதாசு இடம். எனக்கு வேண்டாம். நான் அடுத்தவனுக்குச் செய்யணும், எனக்கு யாரும் செய்யக் கூடாது."

அச்சன் காலை விடவில்லை. "யூதாசின் காலையும் ஆண்டவர் கழுவினார் அல்லே? விட்டுட்டா போனார்?" என்றார் மெதுவாக. "கொடுத்தா மட்டும் போதாது நாயகம். வாங்கவும் படிக்கணும்."

தண்ணீர் விழுந்தது. அச்சன் குனிந்து பாதத்தை முத்தமிட்டார். சூசைநாயகம் வாங்கிக்கொண்டான்.

சடங்கு முடிந்து கொடுத்த ரொட்டியைச் சொர்ணம்மாள் பிய்த்து, ஞாயிற்றுக்கிழமைப் பொதிகளில் ஆளுக்கொரு துண்டு வைத்தாள். சித்திரை விஷு கழிந்தும் அந்த ஒரு ரொட்டி தீரவில்லை. வார்டில் யாராவது காப்பி நீட்டினால் இப்போது அவன் வாங்கிக் குடிக்கிறான்.

குறைத்துச் சொன்னது இதுதான்: கால் கழுவும் சடங்கில் யூதாசுக்கு நாற்காலி போடும் வழக்கம் அந்தக் கோயிலில் கிடையாது, போடுவது என்றைக்கும் பதினொன்றுதான்; பன்னிரண்டாவது தானே வந்து நிற்கும்.