தலையணைக்குள் இருந்த கேபிள்

வேண்டாத பொருளைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். தூக்கிப் போட்டால்தான் தூக்கம் வரும். அதனால் வீட்டில் எனக்குப் பட்டப்பெயர் துடைப்பக்கட்டை. வைத்தவள் என் தங்கை.

அன்று காலை பத்து மணிக்கு அவளுக்கு நீதிமன்றத் தட்டச்சர் தேர்வு. வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் முன்பே பதிவு செய்த கணினியில்தான் எழுத வேண்டும். பத்தேகாலுக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். அடுத்த தேர்வுக்குள் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இவ்வளவும் தெரிந்த நான், தங்கைக்கு வேகமாக ஓடட்டுமே என்று விடிந்ததும் எங்கள் லினக்ஸ் கணினியைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். டிஜிட்டல் பேனாவுக்கு ஒரு மென்பொருள் இருந்தது. நம்மிடம்தான் பேனாவே இல்லையே! நீக்கினேன். இதனுடன் சேர்ந்த இன்னும் சிலவற்றையும் நீக்கவா என்று கணினி கேட்டது. அதையெல்லாம் யார் படிப்பது? ஆமாம் என்று ஒரு தட்டு தட்டிவிட்டுக் குளிக்கப் போனேன்.

ஒன்பதரைக்கு அவள் கணினியைப் போட்டாள். கடவுச்சொல் கேட்கும் திரை வந்தது. அதோடு சரி.

"அண்ணா, மவுஸ் நகர மாட்டேங்குது. கீபோர்டும் செத்துப்போச்சு."

"வயரைப் பிடுங்கி வேற ஓட்டையில சொருகிப் பாரு."

"எல்லா ஓட்டையிலயும் சொருகியாச்சு. காலைல நீ என்ன பண்ணின?"

"நான் ஒண்ணும் பண்ணலையே!"

மவுஸின் அடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அம்பு மட்டும் திரையின் நடுவே பிடித்து வைத்தாற்போல நின்றது. அணைத்துப் போட்டேன். மறுபடி அணைத்துப் போட்டேன். அப்பா அறை வாசலில் நின்று, "அணைச்சுப் போட்டுப் பாருடா" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரையே அணைத்துப் போட்டிருப்பேன். தொடையின் மேல் தங்கையின் விரல்கள் தட்டச்சுப் பழகிக்கொண்டிருந்தன. அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

கணினி எழும்போதே ஷிப்டை அழுத்திப் பிடித்தேன். தொடக்கப் பட்டியல் வந்தது. கீழ்நோக்கிய அம்பு விசையை அழுத்த, பட்டியலில் வெளிச்சக் கோடு கீழே இறங்கியது. கீபோர்டுக்கு ஒன்றும் இல்லை! சந்தோஷப்படுவதற்குள் உண்மை உறைத்தது. அப்படியென்றால் கோளாறு உள்ளே. உள்ளே கை வைத்தவன் நான்.

பழுது பார்க்கும் கறுப்புத் திரைக்குள் போய், காலையில் நீக்கியவற்றை ஒவ்வொன்றாகப் படித்தேன். டிஜிட்டல் பேனாவோடு சேர்த்து, மவுஸையும் கீபோர்டையும் திரைக்குக் கொண்டு சேர்க்கும் மென்பொருளையும் வழித்தெறிந்திருந்தேன்.

"நான்தான்மா. தெரியாம எடுத்துட்டேன்" என்றேன் தங்கையிடம்.

"திருப்பிப் போடு. அழுதுட்டு உட்காராத."

திருப்பிப் போட இணையம் வேண்டும். அந்தக் கறுப்புத் திரையில் வைஃபை எழவே இல்லை. போனைக் கேபிளில் இணைத்தால் இணையம் கிடைக்கும். ஆனால் வயரில்லாத சார்ஜர் வாங்கிய அன்றே எல்லாக் கேபிளையும் குப்பையில் போட்ட மகாராசன் நான். மணி பத்தைத் தாண்டியிருந்தது. "என்னை மன்னிச்சிடு" என்றேன்.

அவள் எழுந்து உள்ளே போனாள். தன் தலையணையோடு வந்தாள். உறைக்குள் கையை விட்டுத் துழாவி ஒரு கேபிளை உருவி, தலையணையோடு என் மடியில் எறிந்தாள்.

"குப்பையிலேர்ந்து எடுத்து ஒளிச்சு வச்சேன். உனக்குப் பயந்துதான்."

இணைத்தேன். இணையம் வந்தது. கட்டளையைத் தட்டினேன். இவற்றையெல்லாம் நிறுவவா என்று கணினி கேட்டது. என் விரல் தானாக ஆமாமுக்குப் போனது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"படி. வாய்விட்டுப் படி."

படித்தேன். அந்த அவசரத்திலும் ஒவ்வொரு வரியாகப் படிக்க வைத்த பிறகே கையை விட்டாள்.

கணினி மீண்டும் எழுந்தது. அம்பு அசைந்தது. உள்ளே விடும் நேரம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லாதபோது அவள் புகைப்படத்தோடு தேர்வுப் பக்கம் திறந்தது. எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

தலையணை என் கையிலேயே இருந்தது. உறைக்குள் இருந்தவற்றை எடுத்துப் பார்த்தேன். அப்பாவின் காதுக்கம்பி உடைந்த மூக்குக்கண்ணாடி, ரிமோட்டின் மூடி, ஒற்றைக் கையுறை, நான் தேய்ந்துவிட்டது என்று எறிந்த அவளுடைய ஓட்டப்பந்தயப் பதக்கம். இவற்றின் மேல்தான் அவள் தினமும் தலை வைத்துப் படுத்திருக்கிறாள். எனக்கு அவமானமாக இருந்தது.

கதவுக்குப் பின்னால் கீபோர்டு மழையாகக் கொட்டத் தொடங்கியது. எல்லாவற்றையும் இருந்தபடியே உறைக்குள் திணிக்கத் தொடங்கினேன். அப்பா தன் கண்ணாடியை அடையாளம் கண்டு கையை நீட்டினார், பிறகு இழுத்துக்கொண்டார்.

"அது அங்கேயே இருக்கட்டும்டா" என்றார். "பத்திரமா இருக்கும்."