நிர்மலாவுக்கு ஒரு ரிலீவர்

நிர்மலாவின் வலது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. கடைவாய்ப் பல்லில் கிராம்பை அடக்கிக்கொண்டே கணவன் முனீஸ்வரனுக்குக் கஞ்சி ஊட்டுவாள், மாத்திரை கொடுப்பாள், உடம்பு துடைத்துவிடுவாள். பாகலூர் சாலையில் பல் டாக்டர் இருக்கிறார், நடந்தே போய்விடலாம். போகத்தான் மாட்டாள். மகராசிக்கு அப்படியொரு பிடிவாதம்.

பக்கவாதம் வந்து முனீஸ்வரனின் இடப்பக்கம் விழுந்ததிலிருந்து இதே கதைதான். அவருக்குப் பேச்சும் குழறிப்போனது. ஆத்திர அவசரத்துக்குக் கூப்பிடட்டும் என்று கட்டில் சட்டத்தில் ஒரு சைக்கிள் மணியைப் பொருத்தியிருந்தாள். அது ஒரு நாளும் ஒலித்ததில்லை. மணியடித்துக் கூப்பிடும் தூரத்துக்கு அவள் எங்கே நகர்ந்தாள்?

பக்கத்து போர்ஷன் சரஸ்வதி அம்பாசமுத்திரத்துக்காரி. கம்பெனியில் இரண்டாம் ஷிஃப்ட் பார்ப்பவள், காலையில் சும்மாதான் இருப்பாள். "நான் பாத்துக்கிடுதேன், நீ போய் அந்தப் பல்லக் காட்டிட்டு வா" என்று தினமும் வாசலில் வந்து நிற்பாள்.

"பரவால்லக்கா. அவரு வேற யாரு கையிலயும் சாப்புட மாட்டாரு."

யாராவது ஊட்டிப் பார்த்தார்களா என்றால், இல்லை. அவளாகவே முடிவு கட்டிக்கொண்டது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, பாவம்.

அன்று காலை அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. பல்வலியில் சரியான சாப்பாடும் இல்லை, தூக்கமும் இல்லை. பிடி நழுவி, அவர் கட்டிலிலேயே பொத்தென்று சரிந்தார். ஒரு சாண் தள்ளியிருந்தால் சிமெண்ட் தரை. நிர்மலா அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"உங்கள நானே கீழ போட்டிருப்பனே" என்று அழுதாள்.

அப்போதுதான் மணி ஒலித்தது. முனீஸ்வரன் வலது கையால் விடாமல் அடித்தார். சரஸ்வதி ஓடி வந்தாள். அவர் நிர்மலாவைக் காட்டி, வாயைக் கோணிக்கொண்டு, "ரி... லீ... வர்" என்றார்.

சரஸ்வதிக்குச் சட்டென்று புரிந்தது. கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை பார்க்கிற யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. ஒருவர் பாத்ரூம் போகவோ தண்ணீர் குடிக்கவோ கையைத் தூக்கினால், வந்து அந்த இடத்தில் நிற்கிற ஆள்தான் ரிலீவர். லைனும் நிற்காது, ஆளும் தவிக்க வேண்டாம். முனீஸ்வரன் பல வருஷம் பார்த்த வேலையே அதுதான். கல்யாணத்துக்கு முன்பு அதே லைனில் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்த நிர்மலா, அடக்கிக்கொண்டு நிற்பாளே தவிர கையைத் தூக்க மாட்டாள். அவராகவே பக்கத்தில் வந்து, "போய்ட்டு வா, நான் நிக்கறன்" என்பார். அப்படித்தான் அவரை அவளுக்குப் பிடித்துப்போனது.

இரண்டு பேருமாக அவரை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சரஸ்வதி கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தாள். நிர்மலா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மனுஷன் சமர்த்தாக வாயைத் திறந்தார். ஒரு கரண்டி, அப்புறம் இன்னொன்று.

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் வீணாக வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தோமே என்று தன் மேலேயே கோபமும் வந்தது.

"சீக்கிரமே வந்துர்றன்க்கா."

"மெதுவா வா. வார வழியில ஒரு மோராவது குடி."

செருப்பை மாட்டியவள் வாசலில் தயங்கித் திரும்பினாள். முனீஸ்வரன் வாயில் கஞ்சியோடு, நல்ல கையை வீசி, அந்தப் பழைய வார்த்தைகளைத் தேடினார். "போய்... வா" வரைக்கும்தான் வந்தது. மீதியை அவளே தனக்குள் சொல்லிக்கொண்டு, அழுதபடியே பாகலூர் சாலைக்கு நடந்தாள்.