நிலைக்குக் கீழே

சிவப்புத் தகட்டை அன்று காலையில்தான் டோரு திருகிக் கழற்றினான். வாசல் சுவரில் பதித்திருந்த வட்டத் தகடு அது. நிலநடுக்கம் வந்தால் முதலில் விழக்கூடிய கட்டிடம் இது என்று நகராட்சி வைத்த அடையாளம். வீடு வாங்க வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டுப் படியேறாமலே திரும்பியிருந்தார்கள்.

"அக்கா, இந்தத் தடவ வாயத் தொறக்காத. வித்துட்டு எங்க ஊருக்கு வந்து நிம்மதியாத் தூங்கு," என்று சொல்லி, தகட்டைக் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் செருகிவிட்டுப் போனான் வியோரிக்காவின் தம்பி.

நிம்மதியாகத் தூங்கி எத்தனை காலம் ஆயிற்று! புக்கரெஸ்ட்காரர்களுக்குத் தங்கள் ஊரைக் குட்டிப் பாரிஸ் என்று சொல்லிக்கொள்வதில் பெருமை. பெருமைக்கு என்ன குறைச்சல்? தாத்தா காலத்துப் பணக்காரர்கள் அழகு பார்த்துப் பார்த்துக் கட்டினார்கள். போர் வந்து குண்டு போட்டது. பிறகு வந்த சர்வாதிகாரி தன் மாளிகைக்காக ஒரு பேட்டையையே இடித்தான். தப்பிய தேவாலயங்களை உருளைமேல் ஏற்றி நகர்த்தி, அடுக்குமாடிகளுக்குப் பின்னால் ஒளித்தான். நடுவே எழுபத்தேழு மார்ச்சில் பூமியும் தன் பங்குக்கு ஆடிவிட்டுப் போனது. எதிர்முனைக் கட்டிடம் சரிந்ததில் வியோரிக்காவின் பள்ளித் தோழி போய்விட்டாள். இவள் இருந்த இந்தக் கட்டிடம் விழவில்லை. விரிசலைப் பூசி வெள்ளையடித்ததோடு சரி. அன்றிலிருந்து அவள் கண் சரவிளக்கிலேயே இருக்கும். அது அசைந்தால் கால் தானாகக் கதவு நிலைக்கு ஓடும். நிலைக்குக் கீழே நின்றால் பிழைக்கலாம் என்று ஊரே நம்பியது.

வீடு பார்க்க வந்த இலின்கா தொலைவில் க்ளூஜ் நகரத்துக்காரி, ஆறு மாதக் கர்ப்பிணி. நிலம் ஆடாத அவள் ஊரில் யாரும் விளக்கை அண்ணாந்து பார்ப்பதில்லை.

"எவ்ளோ உசரம்மா கூரை! தொட்டில இங்கதான் போடப்போறேன், விளக்குக்கு நேர் கீழ. அதப் பாத்துக்கிட்டே தூங்கட்டும்."

வியோரிக்கா விளக்கை அண்ணாந்து பார்த்தாள். சொல்லிவிடு என்றது மனசு. சொன்னால் இந்தக் கூரைக்கு அடியிலேயே கிடந்து சாவாய் என்றது பயம்.

"போடும்மா," என்றாள்.

கீழே டிராம் போயிற்று. சரவிளக்கின் கண்ணாடிகள் கிணுகிணுத்தன. "கேக்க நல்லாருக்கே!" என்று இலின்கா சிரித்தாள். டிராம் சத்தம் தேய்ந்து மறைந்தது. கண்ணாடிகள் நிற்கவில்லை.

யோசிக்கும் முன்னே வியோரிக்கா கதவு நிலையில் இருந்தாள். அந்தப் பெண்ணோ அறை நடுவில், இன்னும் சிரித்தபடி.

"அங்க நிக்காதடி! ஐயோ, இங்க வா!"

அவளே பாய்ந்து போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து, நிலைக்குள் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். பிள்ளை இருந்த வயிறு அவள் விலாவில் அழுந்தியது. அலமாரியில் கோப்பைகள் ஒன்றோடொன்று மோதின. பிறகு அடங்கின.

இலின்காவின் முகத்தில் சிரிப்பு போயிருந்தது.

"அம்மா, கீழ வாசச் சுவத்துல வட்டமா வெளுத்துக் கெடக்கே. அங்க என்ன இருந்துச்சு?"

வியோரிக்கா பிடித்த கையை விடவில்லை. தொட்டிலுக்குப் பார்த்து வைத்த இடத்தில், கூரையிலிருந்து சுண்ணாம்புத் தூள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.