குழாய்க்கு வெளியே இருபத்தொன்று

சூப்பர்வைசர் வேலை ஒன்றுதான் காலி. அதற்கு எழுத்துத் தேர்வு. தங்கச்சி புருஷனும் நானும் எழுதினோம். எனக்கு இடது தோள் போய்விட்டது. இனியும் இரும்புக் குழாய் சுமந்தால் கையே தூக்க வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சூப்பர்வைசர் சுமக்க வேண்டியதில்லை.

மாப்பிள்ளை ஞாயிறுதோறும் வகுப்புக்குப் போனான். எனக்கு ஞாயிறும் வேலை. "நான் எதுக்கு இருக்கேன் மச்சான்? சொல்லித் தர்றேன்" என்றான்.

சாப்பாட்டு நேரத்தில், இறக்கிப் போட்டிருந்த குழாய்மேல் சாக்பீஸால் எண்கோடு போட்டோம். நடுவில் பூஜ்யம். சாணுக்கு ஒரு கோடாக வலப்பக்கம் பன்னிரண்டு, இடப்பக்கம் மைனஸ் பன்னிரண்டு. அதோடு குழாய் தீர்ந்தது.

ஒரு நாள் வந்த கணக்கு: மைனஸ் மூன்றில் ஒரு புள்ளி, ஒன்பதில் ஒரு புள்ளி. எக்ஸிலிருந்து முதல் புள்ளிக்குள்ள தூரம், அடுத்ததற்குள்ள தூரத்தைப்போல் இரண்டு மடங்கு. அப்படியானால் எக்ஸ் எங்கே?

ஐந்து வந்தது. சாண் போட்டுப் பார்த்தேன். அந்தப் பக்கம் எட்டு, இந்தப் பக்கம் நாலு. சரிதான். ஆனால் எக்ஸை ஒன்பதுக்கு அப்பால் வைத்துப் போட்டால் இன்னொன்றும் கிடைத்தது.

"மாப்ளே, இருபத்தொண்ணும் வருதே?"

அவன் குழாய் நுனியைத் தட்டினான். "இரும்பு பன்னெண்டோட முடிஞ்சுபோச்சு. இருபத்தொண்ணுல போய் காத்துலயா நிப்பே? அடிச்சுவிடு."

சிரித்துக்கொண்டே இருபத்தொன்றைக் கோடு போட்டு அடித்தேன்.

தேர்வில் எண்ணை மாற்றி அதே கணக்கு. குழாயை மனசில் வைத்து ஒரு விடைதான் எழுதினேன். இரண்டு மார்க் வித்தியாசத்தில் வேலை அவனுக்குப் போயிற்று. வீட்டுக்குள்ளேதானே இருக்கிறது என்று முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

அடுத்த வாரம் தங்கச்சி அவனுடைய வகுப்பு நோட்டைக் கொண்டுவந்தாள். "அவருக்கு இனிமே எதுக்குண்ணே? அடுத்த தடவைக்கு நீ வச்சுக்க."

புரட்டினேன். அதே மைனஸ் மூன்று, அதே ஒன்பது. நாங்கள் குழாயில் போட்டதற்குப் பத்து நாள் முந்தைய தேதி. ஐந்து, இருபத்தொன்று. கீழே அவன் கையெழுத்தில்: 'ரெண்டும் எழுதணும். கோட்டுக்கு முடிவு கிடையாது.'

நோட்டோடு வேலையிடத்துக்குப் போனேன். அவன் நோட்டைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

"தெரிஞ்சேதான் அடிக்கச் சொன்னியா?"

"வேலை ஒண்ணுதானே இருந்துச்சு மச்சான்."

"என் தோளு?"

"தெரியும்." காலால் மண்ணைத் தள்ளினான். "அவகிட்ட சொல்லிடாதே."

லாரி வந்து நின்றது. ஆட்கள் இறங்கிக் குழாயைப் பிடித்தார்கள். ஒரு ஆள் குறைந்தது. அவன் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "அந்த நுனியைப் பிடி மச்சான்" என்றான்.

வலது தோளைக் கொடுத்தேன். மிச்சமிருப்பது அதுதான்.