இழுத்து ஒட்டிய ரப்பர்

கண்ணாடிக்கடைக்காரர் அடித்த பந்து, அவர் அடிப்பதற்குக் கொஞ்சம் முன்பாகவே எதிர்ப்பக்கம் போய் விழுந்துவிடும். முதலில் டேபிளில் பந்து குத்துகிற சத்தம் கேட்கும், எதிராளி தவறவிடுவார், அதற்குப் பிறகுதான் கடைக்காரர் கையை வீசுவார். டேபிள் டென்னிஸ் கிளப்பில் இதைப் பற்றி ஒரு மாலை முழுக்க விவாதம் நடந்தது. நடுவராக இருந்த பல் டாக்டர் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, பந்தை அடிக்க வேண்டும் என்றுதான் போட்டிருக்கிறது, எப்போது அடிக்க வேண்டும் என்று போடவில்லை, ஆனால் விழுந்த பிறகாவது கட்டாயம் அடித்தாக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். ஒரு தடவை கடைக்காரர் சோம்பல்பட்டுக் கையை வீசாமல் இருந்துவிட, அந்தப் புள்ளியைப் பிடுங்கி எதிராளிக்குக் கொடுத்தார். எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது.

பாட்டரிக் கடைக்கு மேல்மாடியில், காற்று பந்தைத் தள்ளிவிடும் என்று ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வேர்த்து வழிந்துகொண்டு ஆடுகிற கிளப் அது. எங்களில் ஒருவரும் தோற்றதற்குத் தன்னைக் குறை சொல்லிக்கொண்டதில்லை. குற்றவாளி எப்போதும் ரப்பர்தான். மட்டையின் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் கறுப்புமாக ஒட்டுகிற ரப்பர், அதன் அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச், அது தடிமனா மெலிசா, கெட்டியா மெத்தென்றதா என்று பேசிய நேரத்தில் பாதியைப் பயிற்சியில் செலவழித்திருந்தால் இந்நேரம் நாங்கள் சுமாராகவாவது ஆடியிருப்போம். கெட்டி ஸ்பாஞ்ச் வேகம் கொடுக்கும், ஆனால் பந்து வந்ததும் போனதும் கைக்குத் தெரியாது. மெத்தென்ற ஸ்பாஞ்சில் பந்து ஒரு கணம் உட்கார்ந்து எழுந்து போகும், கைக்கு எல்லாம் தெரியும், ஆனால் வேகம் வராது. இரண்டும் வேண்டும் என்று ஆசைப்படாதவர் கிளப்பில் இல்லை. கிடைத்தவரும் இல்லை.

கடைக்காரர் ரப்பர் தேர்ந்தெடுத்த விதம் தொழில் கற்றுக்கொடுத்தது. கண் பரிசோதனைக்கு வந்தவரிடம் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்பதுபோல, ஒரே பந்தை ஒரு ரப்பரால் அடித்துப் பார்த்து, மட்டையை மாற்றி இன்னொன்றால் அடித்துப் பார்த்து, தன்னையே கேட்டுக்கொள்வார். எதுவும் போதவில்லை. காரணம், கூரியர் ஆபீஸ் குமாஸ்தா. அவருக்குக் கிளப்பில் வைத்த பெயர் சுவர். எதை அடித்தாலும் திருப்பி அனுப்புவார். வருஷா வருஷம் ஃபைனலில் கடைக்காரர் அந்தச் சுவரில் முட்டிக்கொண்டு திரும்பினார். கடைசியாகத் தோற்ற மறுநாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. பிளாஸ்டிக் ஃபிரேமைச் சூடு பெட்டியில் வைத்து இளக்கி, வில்லையை உள்ளே தள்ளிவிட்டால், ஆறும்போது ஃபிரேம் இறுகி வில்லையைக் கவ்விக்கொள்ளும். ரப்பருக்கும் அதையே செய்தால் என்ன? கிடைத்ததிலேயே கெட்டியான ரப்பரைச் சூடு பெட்டியில் வைத்தார். இளகியதும் எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்து மட்டையில் ஒட்டினார். ரப்பரைச் சூடு பெட்டிக்குள் வைப்பது கண்ணாடிக்கடைக்காரருக்கு மட்டுமே தோன்றக்கூடிய தவறு. ஆறியபோது ரப்பர் எந்த அளவுக்கு இறுகியதென்றால், பந்து அதில் தங்குவதற்கு நேரமே இல்லாமல் போயிற்று. பிறகு வருவதற்கும் நேரமில்லாமல் போயிற்று.

கையில் இருந்த வேகம் வாய்க்கு ஏற ஒரு மாதம் பிடித்தது. முதலில் கடையில் தெரிந்தது. வாடிக்கையாளர் நாற்காலியில் உட்காரும் முன்பே "வலது கண்ணுக்குக் கொஞ்சம் ஏத்தணும்" என்பார், சரியாக இருக்கும். கூட்டம் கூடியது. அப்புறம் வீட்டுக்கு வந்தது. அவர் மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த ஊர் வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று நாள் முழுக்க ஊருக்குச் சொல்கிறவர். வீட்டுக்கு வந்தால் எதையும் முதலிலிருந்துதான் சொல்லுவார். ஒரு பயணி சண்டை போட்ட கதையைச் சொல்ல, அந்தப் பயணி எந்த வண்டியில் வந்தார், அந்த வண்டி ஏன் தாமதம் என்பதிலிருந்து தொடங்கினால்தான் அவருக்குக் கதை ஓடும். அவர் வாயைத் திறக்குமுன் கணவர் "அப்புறம் போலீஸ் வந்துச்சாக்கும்" என்று முடித்துவிட்டால் பாவம், அவர் என்ன செய்வார்? "இன்னும் கொஞ்சம் போடட்டுமா" என்று கேட்குமுன் "போதும்" என்ற பதில் வந்தது. பதிலுக்கும் கேள்விக்கும் இடைவெளி மெல்ல நீண்டது. ஒரு நாள் ராத்திரி "மொட்டைமாடியில" என்றார் கடைக்காரர். மறுநாள் காலை மழை பிடித்துக்கொண்டபோது, மனைவி குடை எங்கே என்று கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டு, மாடிக்குப் போய் எடுத்துக்கொண்டார்.

"நல்லதாப் போச்சு," என்றார் மனைவி ஒரு நாள். "இனிமே நான் கேக்கவே தேவையில்லை. பதில் எல்லாம் முன்னாடியே வந்து இறங்கிடுது."

"சௌகரியம்தானே," என்று கடைக்காரர் முந்தைய நாளே சொல்லியிருந்தார்.

அதன் பிறகு அந்த அம்மாள் வீட்டில் பேசுவதைக் குறைத்தார். முதலில் கதைகள் நின்றன, பிறகு கேள்விகள், பிறகு முணுமுணுப்பு. பேருந்து நிலையத்தில் மட்டும் அவர் அறிவிப்புகள் நீண்டுகொண்டே போனதாகவும், ஓட்டுநரின் மூட்டுவலி வரை சொல்லித்தான் வண்டியை அனுப்பினார் என்றும் பயணிகள் சொன்னார்கள். கடைக்காரர் இதைக் கவனிக்கவில்லை. வீடு அமைதியாக இருப்பது பயிற்சிக்கு நல்லது என்று நினைத்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். எங்கள் வீடுகளும் அப்படி அமைதியாக வேண்டும் என்று ஆசைப்பட்ட புத்திசாலிகள் கிளப்பில் உண்டு.

ஃபைனலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, காலை வெளிச்சத்தில் உட்கார்ந்து, மட்டை ஓரத்தில் பிதுங்கியிருந்த ரப்பரைக் கத்தரியால் நறுக்கிக்கொண்டிருந்த கடைக்காரர், தலையைத் தூக்காமல், "சரி, போ," என்றார்.

சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. மனைவி ஈரக்கையோடு வாசலில் வந்து நின்றார்.

"யாரைச் சொன்னீங்க?"

"தெரியல. வாயில வந்துச்சு." கத்தரி நின்றுவிட்டது. "நீ இன்னும் எதுவும் கேக்கலையே?"

அந்த அம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. கேள்வி ஒன்று இருக்கிறது. எங்கேயோ இல்லை, அந்த உதடுகளுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதற்குத் தான் தலையைக்கூடத் தூக்காமல் பதில் சொல்லியாகிவிட்டது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரு கேள்விக்காகக் காத்திருந்தார்கள். ஒருவர் அது வந்துவிடுமோ என்று, இன்னொருவர் அதை வெளியே விடாமல். வந்துவிட்ட பதில் எதற்கும் இதுவரை, வாய்விட்டோ மனதுக்குள்ளோ, கேள்வி வராமல் போனதில்லை. மனைவி உப்பு எடுக்கத் திரும்பினால் கடைக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அவர் இருமினால் இவர் எழுந்தே நின்றுவிட்டார். எங்கே போக? யாரோடு? எத்தனை நாளைக்கு? "சரி, போ" என்று சொல்லக்கூடிய கேள்விகளை எண்ணிப் பார்த்தார். அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்பதில் தொடங்கி, இனி வரமாட்டேன் என்பது வரை வரிசை போயிற்று. இதற்கு நடுவே கடையில், வலது இடது மாற்றி வில்லை பொருத்தி, ஒரு வாத்தியாரைப் பள்ளிக்கூடச் சுவரில் முட்ட வைத்தார்.

பல் டாக்டரிடம் போய்ச் சொன்னார். டாக்டர் வாயைப் பார்த்துப் பழகியவர், காதையும் கொடுத்தார்.

"இதுல என்னய்யா யோசனை? ரப்பரை உரிச்சுப் போடு."

"சனிக்கிழமை ஃபைனல் டாக்டர்."

"அதுக்கு?"

"இந்த வருஷம் சுவரை உடைச்சிருவேன். இத்தனை வருஷம் கழிச்சு."

"உடைச்சுக்கோ. வீட்டுக்குப் போய் யார்கிட்ட சொல்லுவ?" என்ற டாக்டர், பழக்கதோஷத்தில், "வாயைக் கொஞ்சம் நல்லாத் திற," என்றும் சொன்னார்.

அப்படியும் அவர் உடனே உரிக்கவில்லை. அதை மறைத்து அவரைப் பெரிய மனுஷனாக்க முடியாது. வெள்ளிக்கிழமைகூட அந்த மட்டையோடு ஆடி, சுவரின் கூரியர் ஆபீஸ் சகா ஒருவரைப் பந்து வருமுன்பே தோற்கடித்தார். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனபோது, கட்டிலில் மனைவியின் பயணப்பை திறந்து கிடந்தது. பாதி நிரம்பியிருந்தது. மனைவி வேலைக்குப் போயிருந்தார். கடைக்காரர் சாப்பிடாமல் கடைக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு, ரப்பரின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்தார். அது சும்மா வரவில்லை. தோலை உரிப்பதுபோலச் சத்தம் போட்டு, கடைசி முனை விடுபட்டதும் சுண்டிப்போய், சட்டைப் பித்தான் அளவுக்குச் சுருங்கித் தரையில் விழுந்தது. அதிலிருந்து வெகுநேரம் சூடு கிளம்பியது.

பிறகு டிராயரில் கிடந்த ரப்பர்களை எடுத்து வரிசையாக வைத்தார். இந்த முறை எதையும் அடித்துப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்தி, கையை எடுத்து, பார்த்தார். கெட்டியானவை ஒன்றும் நடக்காததுபோல நின்றன. ஒன்றில் மட்டும் விரல் பதிந்த குழி அப்படியே இருந்தது, அவசரமில்லாமல் மேலே வந்தது. விளையாட்டுச் சாமான் கடையில் யாரும் வாங்காமல் கிடக்கிறதென்று ஓசியில் கொடுத்த ரப்பர். அதைச் சூடு காட்டாமல், இழுக்காமல், பசை தடவிக் காயவிட்டு, குழந்தைக்குப் போர்வை போர்த்துவதுபோல மட்டைமேல் படுக்க வைத்தார்.

சாயங்காலம் மாடி நிரம்பி வழிந்தது. பந்து முன்கூட்டியே போவதைப் பார்க்க வந்த கூட்டம் அது. பாவம், ஏமாந்தது. முதல் பந்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. கடைக்காரர் மட்டையில் பட்ட பந்து அதில் அமிழ்ந்து, மூச்சு வாங்குகிற நேரம் தங்கி, அப்புறம்தான் கிளம்பியது. அடுத்தடுத்த பந்துகள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தங்கின. முந்திப் போன நேரத்தையெல்லாம் ரப்பர் திருப்பித் தந்துகொண்டிருந்தது போல. பந்து உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் கடைக்காரரின் கைக்கு எல்லாம் தெரிந்தது. பந்தின் சுழற்சி, சுவரின் முழங்கால் வலி, அந்த மனிதரும் தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது வரை. ஆளுக்கு இரண்டு ஆட்டம் எடுத்து, கடைசி ஆட்டம் கழுத்தைப் பிடிக்கிற கட்டத்துக்கு வந்தது. கடைக்காரருக்குப் பத்து, சுவருக்கு ஒன்பது, இன்னும் ஒன்று எடுத்தால் கடைக்காரருக்கு ஜெயம்.

சுவர் அனுப்பிய பந்து வந்து மட்டையில் உட்கார்ந்தபோது, கதவருகே கூட்டம் விலகியது. மனைவி பயணப்பையோடு நின்றிருந்தார்.

பந்து எழுந்திருக்கவில்லை. கடைக்காரர் வீசிய கை பாதியில் நின்றது. பல் டாக்டர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, இன்னும் அடித்து முடிக்காத பந்தைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை, காத்திருக்கலாம் என்று அறிவித்தார்.

"உங்க பதில் ஏற்கெனவே வந்துட்டுது," என்றார் அந்த அம்மாள். பேருந்து நிலையக் குரல்தான், ஆனால் ஒலிபெருக்கி இல்லாமல். "கேள்வியைக் கேக்காமப் போனா மரியாதையா இருக்காது. அதான் வந்தேன். நான் போகட்டுமா?"

கடைக்காரர் வாயைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. இந்தக் கேள்விக்கு உரிய பதில் ஒரு வாரத்துக்கு முன்பே செலவாகிவிட்டது. சரி என்றும் வரவில்லை, வேண்டாம் என்றும் வரவில்லை. மனைவி பையை இன்னொரு கைக்கு மாற்றினார், ஒரு காலைப் படிக்கட்டுப் பக்கம் திருப்பினார். அப்போதுதான், தேடித் தேடி, அவருக்கு ஒரு வார்த்தை அகப்பட்டது.

"எங்க?"

அந்த அம்மாள் நின்றார். அவர் எதிர்பார்த்து வந்தவற்றில் அது இல்லை.

"எங்கேன்னா?"

"எங்க போற? எதுக்கு? எனக்கு ஒண்ணும் தெரியாது. முதல்லேர்ந்து சொல்லு."

மனைவி பையைக் கீழே வைத்தார். வேறு ஊரில் பெரிய பேருந்து நிலையம், அதன் தலைமை அறிவிப்பாளர் வேலைக்குத் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். அதைச் சொல்ல அவர் தன்னைக் கூப்பிட்ட அதிகாரியின் சளித்தொல்லையிலிருந்து தொடங்கினார். "அன்னைக்கு ஓட்டமா ஓடி வந்தேன், உங்ககிட்டச் சொல்லணும்னு. செருப்பைக்கூடக் கழட்டலை. 'ரொம்ப சந்தோஷம்'னீங்க. எதுக்குச் சந்தோஷம்னு நீங்களும் கேக்கலை. நானும் சொல்லலை. அப்படியே போய் அரிசி கழுவினேன்." அவர் சொல்லச் சொல்லப் பந்து மட்டையில் அசையாமல் இருந்தது. கடைக்காரர் முகத்தை ஒரு தடவைகூடத் திருப்பவில்லை. யாரோ தேநீர் வாங்கி வந்தார்கள். சுவர் டேபிள்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டார். அந்த அம்மாள் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், "அப்புறம் என்னக்கா ஆச்சு?" என்றார்.

"அப்புறம் என்ன, அவ்வளவுதான்," என்று கதை முடிந்த கணத்தில் பந்து எழுந்து, சாவகாசமாக வலையைத் தாண்டி, டேபிளில் ஒரு தடவை குத்தி, சுவரின் முழங்கையைத் தொட்டுக்கொண்டு போய்க் கீழே விழுந்தது. ஜெயித்ததை டாக்டர் இரண்டு முறை அறிவித்தும் கடைக்காரர் கேட்கவில்லை.

"நானும் வரட்டுமா?" என்று அவர் மனைவியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றார் அந்த அம்மாள். பையை எடுத்துக்கொண்டு, வண்டியைப் பிடிக்கப் படியிறங்கினார்.

அவர் யோசிக்க மழைக்காலம் முழுதும் பிடித்தது. கடைக்காரர் கண்களைச் சோதித்துக்கொண்டு, யாரையும் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் கடை வாசலில் வந்து நின்று, "வாங்க," என்றார். சூடு பெட்டியை விற்றுவிட்டு அவர் போனார். இப்போது அந்த ஊரில்தான் இருக்கிறார்கள். அங்கேயும் ஒரு கிளப் இருக்கிறது, அதே மட்டையோடு போகிறவரை நன்றாகவே வரவேற்கிறார்களாம். அவரோடு ஆட வருகிறவர்கள் மட்டும் மட்டையோடு ஒரு நாற்காலியும் கொண்டு வருகிறார்கள்.